ஆறாவது பெயர்

இல்லாத ஆட்களை ஆயிரக்கணக்கில் ஓர் இணையத்தளத்தின் மேல் ஏவிவிட்டு, அது எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் முஃபீதாவின் தொழில். கனமூலை ஊரில் உம்மாவின் தையல் மேசையில் மடிகணினியை வைத்துக்கொண்டு, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு நாலு வருடமாகச் செய்கிறாள். இதற்கும் சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரரே அலுத்துவிட்டார்கள்.

நலன்புரிச் சங்கம் ஒன்று, இலவசக் கண் சத்திரசிகிச்சைக்கு இருநூறு பேரைப் பதிய கிளவுட் சேர்வரில் ஒரு தளம் செய்தது. போன வருடம் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாக நுழைய, தளம் படுத்துவிட்டது. இந்த முறை சோதித்துத் தரும்படி செயலாளர் நிஸார் கேட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஐயாயிரம் பொய் ஆட்களை அனுப்பினாள், தளம் அசையவில்லை. அதோடு நின்றிருக்கலாம். ஒரே போனிலிருந்து ஐந்து பேருக்கு மேல் பதிந்தால் கள்ள வேலை என்று தடுக்கும் விதியொன்றையும் போடுவித்தாள்.

வெள்ளிக்கிழமை தளம் விழவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் இருநூறு இடமும் நிரம்பின. வட்ஸ்அப் குழுவில் வாழ்த்துக் குவிந்தது. ஒரேயொரு போன் தடுக்கப்பட்டிருந்ததைக் காட்டி, "கள்ளனையும் பிடித்தாச்சு" என்று அவளும் பெருமையாகப் போட்டாள்.

பின்னேரம் கண்டக்குழியிலிருந்து ஸபீனா என்ற பெண், நிஸாரிடம் எண் வாங்கி அழைத்தாள். போன் திருத்தும் கடை வைத்திருப்பவள்.

"எங்கட ரோட்டுல முப்பத்திரெண்டு பேர் என்ட போன்லதான் பதிய வந்தாங்க. ஆறாவது ஆள்ட பேரப் போட்டதும் பூட்டிட்டு. நான் எதையும் பிழையா அமத்திட்டனா, தங்கச்சி?"

முஃபீதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவளுடைய சாதாரணதரப் பரீட்சை முடிவைக்கூட அடுத்த வீட்டுப் போனில்தான் பார்த்தார்கள். அப்படி வளர்ந்தவளுக்கே இது தோன்றவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே நிஸாரிடம் கெஞ்சினாள். பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, இனி அடுத்த வருடம்தான் என்றார்.

மறுநாள் காலை கண்டக்குழிக்குப் போனாள். ஆறாவது பெயர் இராசமணியுடையது. பார்வை மங்கி, கருவாடு தரம் பிரிக்கும் வேலையை விட்டவர். ஸபீனாவின் கடைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கட பேரோடதான் பூட்டினது. அந்தச் சட்டத்தப் போட்டது நான்," என்றாள் முஃபீதா.

இராசமணி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப எங்களைக் கள்ளர் எண்டு நினைச்சனியோ, பிள்ளை?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் உன்னியது.

"ஓம்," என்றாள்.