தோற்ற தளபதியின் யானைகள்

சென்ற கிழமை செங்கோட்டைச் சாலையில் ஒரு லாரி என்னைக் கடந்தது. அதன்மேல் ஒரு யானை நின்றது. கேரளத்தில் ஏதோ கோயில் விழாவுக்குப் போகிறது போலும். நான்கு காலும் கட்டுண்டு, வந்த வழியையே பார்த்தபடி சென்றது. பச்சை ஓலையும் சாணமும் கலந்த அதன் மணம் சாலையில் சற்று நேரம் தங்கிற்று. அந்த மணத்தோடு காதர் மைதீன் நினைவுக்கு வந்தார். கடையநல்லூர்த் தறிக்காரர் ஒருவரை யானையின் மணம் நினைவூட்டுவது விந்தைதான். பொறுத்தருளுங்கள், நண்பரே, காரணம் உண்டு.

ஐம்பதுகளின் இறுதி. தென்காசிப் பள்ளியொன்றில் நான் புதிதாய்ச் சேர்ந்த வரலாற்றாசிரியன். வாரந்தோறும் நெய்த துணியைக் கடைகளில் சேர்த்துவிட்டு மைதீன் எங்கள் வாசகசாலைக்கு வருவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; ஆயினும் அங்கிருந்த வரலாற்று நூல்களில் அவர் விரல் படாத ஏடு இல்லை. எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்றே: உலகப் படைத்தலைவருள் பெரியவன் யார்? எனக்கு அலெக்சாந்தர், அவருக்கு, யானைகளோடு ஆல்ப்சு மலையைக் கடந்து உரோமின்மேல் பாய்ந்த அன்னிபால்.

"கடைசியில தோத்தவன்தானவே," என்பேன்.

"தோத்தவன் பெருமையை ஜெயிச்சவன் எழுதி வச்சிருக்கான். அன்னிபால் ஊர்க்காரன் எழுதினது ஒரு ஏடு மிச்சமில்ல. அம்புட்டும் எதிராளி சாட்சி. உம்ம அலெக்சாந்தரைப் புகழ்ந்தது யாரு? அவன் சோத்தைத் தின்னவன்."

அவ்வாண்டுச் சாரற்காலத்தில் குற்றாலத்தில் இதனையே பொருளாக வைத்துச் சொற்போர் ஏற்பாடாயிற்று. மைதீனும் பெயர் கொடுத்தார். படித்தவர் நடுவில் இவருக்கென்ன வேலை என்று வாசகசாலையில் சிலர் நகைத்தனர். நானும் உள்ளூர நகைத்தேன் என்பதை மறைப்பானேன்? அவர் நகைக்கவில்லை. "தோத்தா, இனி இங்கன அன்னிபாலைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்," என்றார்.

நான் ஒரு வாரம் மேற்கோள் திரட்டினேன். அவரோ ஆரியங்காவுக்குச் சென்று, வெட்டிய மரத்தடி இழுக்கும் யானைகள் மலைச்சரிவில் இறங்குவதைப் பார்த்துவந்தார்.

அன்று மாலை, அருவியில் குளித்த ஈரத்தலையோடு கூட்டம் நிறைந்திருந்தது. நான் அரைமணி நேரம் முழங்கினேன். என் வாக்கியங்கள் பயனிலையை எட்டுமுன் கேட்டவர் தலை உலர்ந்திருக்கும். பின்னர் மைதீன் கையில் தாளின்றி எழுந்தார்.

"மலை ஏறதுக்கு யானைக்குப் பலம் போதும். இறங்கதுக்கு நம்பிக்கை வேணும். இந்தா, இப்படி." மேடையிலேயே பின்னங்கால் மடக்கி அமரும் யானையாகிக் குந்தினார், ஒரு கையைத் துதிக்கையாக்கித் தரையைத் தட்டிப் பார்த்து, மறுகையை முன்னங்காலாக்கி மெல்ல நகர்த்தினார். கூட்டம் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை.

"பாகன் முன்னால நடந்தாத்தான் அது அடுத்த காலை வைக்கும். பின்னால நின்னு அதட்டினா நவுராது. பனியில, பாதையில்லாத சரிவுல, அத்தனை யானையையும், ஆளுக்கொரு பாசை பேசுத படையையும் எறக்கிக் கூட்டிட்டு வந்தவன், முன்னால நடந்தவனாத்தான்வே இருப்பான்."

சிரிப்பு அடங்கிற்று.

ஆயினும் தீர்ப்பு என் பக்கமே. மேற்கோள்கள் மிகுதி என்றார் நடுவர். மாலையும் எனக்கே விழுந்தது.

மறுவாரம் மைதீன் வந்தார், நாளிதழை விரித்தார், அன்னிபால் பேச்சையே எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அவ்வாறே. முன்பு நகைத்தவர்களே யானை இறங்கிய கதையைக் கேட்டு அவரைச் சூழ்ந்தனர். நானும் கெஞ்சினேன்: "தீர்ப்பு கெடக்கு. சொல்லும்வே."

"சொன்ன சொல்லு சொன்னதுதான். நீரே சொல்லும். தப்பாச் சொன்னீருன்னா தலையாட்டுதேன்."

இவ்வாறு அலெக்சாந்தர் கட்சிக்காரனாகிய நான், கேட்டவர்க்கெல்லாம் அன்னிபாலின் கதை சொல்பவனானேன். எதிரே மைதீன், தறிமுன் அமர்ந்தாற்போல் முதுகு நிமிர்ந்திருப்பார். யானை முன்னங்காலை மடக்கியது என்று நான் தடுமாறினால் அவர் தலை இடவலமாக அசையும், திருத்திக்கொள்வேன். அத்தலை ஒருமுறையும் அசையாதிருந்த நாளில் நான் அடைந்த பெருமிதத்தைக் குற்றாலத்து மாலை தந்ததில்லை.

வாசகசாலை இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை. ஆரியங்காவுச் சரிவில் தடி இழுக்கும் யானைகளும் இல்லை. லாரியில் ஏறிச் செல்லும் யானைக்கு முன்னே நடப்பாரும் இல்லை. மைதீனின் பெருமைக்கு, வென்றவன் எழுதிய சாட்சி இது. இதில் எங்கேனும் பிழை இருந்தால், அசைவதற்கு அந்தத் தலை இல்லை.