விசிலக்காவும் நான்கு பட்டன்களும்

இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் அவருக்கு விசிலக்கா என்றே பெயர். கூட்டிப் பெருக்க வந்து, ஹெல்ப்பராகி, இருபத்தாறு வருடத்தில் லைன் பொறுப்புக்கு வந்தவர். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து ஊதினால் மிஷின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கும். "வீட்ல ஒரே ஒரு தடவ அடிச்சேன். பக்கத்து வீட்டு மாமா வேலைக்குக் கிளம்பிட்டாரு" என்பார்.

பெரிய பிரஸ்ஸில் முன்னால் ஒருவர் தகடு வைப்பார். பின்னால் ஒருவர் அழுத்திய துண்டை எடுப்பார். ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. அக்கா பக்கவாட்டில் நின்று, நான்கு கைகளும் வெளியே வந்ததும் விசிலடிப்பார். அதன் பிறகு யாரும் கையை உள்ளே விடக்கூடாது. முன்னால் இருப்பவர் பெடலை மிதிப்பார், மேலிருந்து இரும்பு இறங்கும். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அக்காவிடம் விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். "பத்தும் இருக்கா? கிளம்பு."

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். ஆள் எடுக்கும் பிரிவில் நான்கு மாத அனுபவம். உள்ளே இருப்பவர்களின் மச்சானையும் சித்தப்பாவையுமே எடுப்பதை நிறுத்தி, பலதரப்பட்ட ஆட்கள் உள்ள குழுவை அமைக்கச் சொன்னார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள், வேறு மொழிக்காரர்கள், காது கேளாத ஒரு பெண் என ஒன்பது பேரை எடுத்தேன். அந்தப் பெண்ணை யாரும் வேறு மாதிரி பார்க்கக்கூடாது என்று நினைத்து, அக்காவுக்குக் கொடுத்த பட்டியலில் காது கேளாததை எழுதவில்லை. அது மரியாதை என்றுதான் நம்பினேன்.

அவர்கள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் காலை அறிவிப்புப் பலகைக்குப் போட்டோ எடுக்கப் போனேன். அவள் பிரஸ்ஸின் பின்பக்கம் நின்றிருந்தாள். கைகள் வெளியே வந்தன. விசில். அந்த நேரம் பார்த்து ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்க, அவள் மறுபடி கையை உள்ளே விட்டாள். முன்னாலிருந்தவரின் கால் பெடலை மிதித்தது. நான் கத்தியிருந்தாலும் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்?

அக்கா பாய்ந்து மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தார். இறங்கிக்கொண்டிருந்த இரும்பு ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதற்கடியில் அவள் கை.

"எல்லாத்துக்கும் தலைய ஆட்டுச்சு, கூச்சம்னு நெனச்சேன்" என்றார் அக்கா. உதடு வெளுத்திருந்தது. "காது கேக்காதுன்னு நீ சொல்லலியே தம்பி."

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் போடு. வீட்டுக்கு அனுப்பிடலாம்."

பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. உண்மையை எழுதினால் என் வேலை போகும். அம்மாவிடம் என்ன சொல்வது? அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்த மிஷினுக்கு மொதல்ல நாலு பட்டன் இருந்துச்சு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. நாலையும் சேர்ந்து அமுக்கினாத்தான் எறங்கும். பட்டன்ல இருக்குற கை உள்ள போகாதுல்ல? வேகம் பத்தலன்னு பதினோரு வருஷம் முன்னாடி அத கழட்ட வெச்சது நான்தான். அதுக்குப் பதிலாத்தான் விசில். எழுது."

"அக்கா, உங்க வேலை..."

"எனக்கு மட்டும் பயமில்லையா? பொண்ணு நர்ஸிங் ரெண்டாவது வருஷம். சீக்கிரம் எழுது, மனசு மாறிடப் போகுது."

பட்டனைப் பற்றியும் எழுதினேன். பட்டியலில் நான் மறைத்ததையும் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். மேலாளர் வாங்கிப் படித்தார், அதை எடுத்துக்கொண்டு மேலே அலுவலகத்துக்குப் போனார். பட்டன்களை மாட்டும்வரை பெரிய பிரஸ் ஓடக்கூடாது என்று அக்காவே மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்தது. அந்தப் பெண் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பிறகு அக்காவைப் பார்த்து, உங்களுடையது எங்கே என்பதுபோல் தலையசைத்தாள். அக்கா விரித்தார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

மேலே அலுவலகத்திலிருந்து எங்கள் இருவரையும் கூப்பிட ஆள் வந்தது.

"நீ முன்னாடி போ தம்பி" என்றார் அக்கா. "வேண்டாம், இரு. சேர்ந்தே போவோம்."