எதற்காக என்று கேட்ட கட்டம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது நான்தான். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் எனக்கு வேலை. டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்தே கண் பூத்துப்போனவள் நான். இனி அவர் அறையில் தட்டினால் என் திரையில் அச்சடித்த மாதிரி வந்து நிற்கும் என்றதும் இருப்புக்கொள்ளவில்லை.

மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. இந்த மருந்து எதற்காக? அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. டாக்டர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தட்டுகிறவர். ஒரு புள்ளி வைத்தாலே கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொள்ளும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். சளிக்கும் புள்ளி, சர்க்கரைக்கும் புள்ளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மாத்திரையை நாலு நோய்க்குக் கொடுப்பார்கள். எதற்கென்று தெரியாமல் வாங்குகிறவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்வது? ஒரு மாலை அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டேன். நாளையிலிருந்து புள்ளி வந்தால் மருந்து கொடுக்க மாட்டேன் என்றேன். வேலை போனால் போகட்டும் என்ற வேகம். முப்பது வருட டாக்டர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் முதல் சீட்டிலேயே 'காய்ச்சல்' என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று நல்ல கூட்டம். பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் பெயரில் மூட்டுவாத மாத்திரை வந்தது. கூப்பிட்டேன். சாணார்பட்டிப் பக்கத்துச் சின்னப் பெண், முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள். அவசரத்தில் மாத்திரையை உறையில் போட்டு நீட்டியும்விட்டேன். அவள் கை நீட்டும்போதுதான் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. 'பத்து வருட மூட்டு வீக்கம்.'

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"உனக்கு என்னம்மா செய்யுது?"

"வாந்திக்கா. மூணு மாசம். நாலு வருசங் கழிச்சு இப்பத்தேன் தங்கியிருக்கு."

அந்த மாத்திரை உள்ளே போனால் கரு கலைந்துவிடும். உறையோடு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

விசாரித்தால், இவள் வாந்தியெடுப்பதைப் பார்த்துப் பேகம்பூர் அம்மா ஒருவர் மனசு கேட்காமல் தன் முந்தின டோக்கனைக் கொடுத்து, இவளுடையதை வாங்கியிருக்கிறார். நம் ஊரில் யார்தான் செய்யமாட்டார்கள்? ஆனால் கம்ப்யூட்டரில் டோக்கன் வரிசைப்படிதான் பெயர் வரும். எதிரே இருந்தவரைப் பார்த்த டாக்டர் திரையில் இருந்த பெயரைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பெயரில் வாந்தி மாத்திரை, இவள் பெயரில் மூட்டு மாத்திரை.

டாக்டர் எழுந்து கவுண்டருக்கே வந்தார்.

"நேத்து நீ கத்தலைன்னா இன்னைக்கும் புள்ளிதான் வச்சிருப்பேன்" என்றார்.

சண்டை போட்ட நானே அந்தக் கட்டத்தைக் கடைசியில்தான் படித்தேன் என்று அவரிடம் ஒத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, கத்திச் சிரிக்கலாம் போலவும் இருந்தது.

அதற்குள் விஷயம் அவள் காதுக்கு எட்டிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் வந்து நின்றாள்.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?"

"நீ அதைக் கையிலயே வாங்கலம்மா" என்று சொல்லி, அவளுடைய வாந்தி மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.