நான் சமைத்த நீலவால் மீன்

போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு மீனைச் சமைத்தேன். அது சந்தையில் வாங்கிய மீன் அல்ல. என் மகளின் கம்ப்யூட்டருக்குள் இருந்த மீன்.

சிரிக்க வேண்டாம். 

மகள் சங்கவிக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்து, விடுதியிலிருந்து திருகோணமலைக்குக் கூட்டி வந்தோம். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. தினமும் காலையில் இரத்தத்தைச் சோதித்து, பிளேட்லெட் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். முதல் ஆறு நாளும் அது இறங்கிக்கொண்டே போனது. இப்போதும் யாராவது ஏதாவது இலக்கம் சொன்னால், நேற்றையதைவிடக் கூடவா குறைவா என்று கேட்கத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் மூட்டு நோ போகவில்லை. புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றியது. ஆகவே விளையாடினாள்.

வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உள்ள விளையாட்டு. அவளும் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த மூன்று தோழிகளும் ஆளுக்கொரு வீட்டிலிருந்து இன்டர்நெட் வழியே சேர்ந்து போகிறார்கள். அவர்களில் ஒருத்தி, கிண்ணியாவில் இருக்கும் ரிஸ்லா, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். விசா வேலைக்காக ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை விமானம். அதற்கு முன், ஞாயிறு மத்தியானம் நால்வரும் பனிமலை உச்சிக்கு ஏறி அங்குள்ள டிராகனைப் பார்த்துவிடுவதென்று ஏற்பாடு.

பனிமலையில் குளிர் ஆளைக் கொல்லும். போர்வை வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் கடையிலேயே போர்வை இருக்கிறது. ஆனால் சங்கவி தானே செய்யப் போனாள். கிராஃப்டிங் என்கிறார்கள். நாற்பது ஓநாய்த் தோல், வெள்ளி நூல், ஏதோ மரப்பிசின்... கடைசியாக ஒரு நீலவால் மீனின் எண்ணெய். அந்த மீன் விளையாட்டின் ஒரு பருவத்தில் மட்டும்தான் ஆற்றுக்கு வரும். பருவம் முடிகிற அன்று ஒன்றே ஒன்று பிடித்தாள். மற்றச் சாமான் சேர்ந்ததும் எண்ணெய் எடுக்கலாமென்று, விளையாட்டில் தன் ஆளின் பையில் போட்டு வைத்தாள்.

இவ்வளவு பாடு தேவையா? நான் கேட்டேன்.

“கடையில இருக்கிறதை ஏன் பிள்ளை மினக்கெட்டுச் செய்யிறாய்?”

“நீங்க ஏன் அம்மா மிளகாய்த்தூள் கடையில வாங்கிறேல்லை?”

“அது சாப்பாடு. இது விளையாட்டு.”

“அப்ப இதுவும் அப்படித்தான்.”

எப்படி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை. விளையாடுகிறவர்களே இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை பிடிக்கிறார்கள். இரும்பும் தோலும் பையில் ஏற ஏறப் பாரம் கூடி ஆள் ஓட முடியாது என்கிறார் ஒருவர். மாதக்கணக்கில் ஒரு வாளைச் செய்து முடித்த மறுநாள், ஒரு குகைக்குள் கிடந்த பெட்டியைத் திறந்தால் அதைவிட நல்ல வாள் சும்மா கிடைத்ததாம் இன்னொருவருக்கு. எல்லாம் நியாயமான பேச்சுத்தான்! நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

இருந்தும் உதவி செய்தேன். விரல் மூட்டு நொந்ததால் விறகு பொறுக்குவது, கல் உடைப்பது போன்ற அலுப்பு வேலைகளை என்னிடம் தந்திருந்தாள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று துண்டில் எழுதி ஒட்டியிருந்தாள். பக்கத்துக் கதிரையில் அவள் இருப்பாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஊசி போட்டார்கள், யாரோ சேலைன் ஏற்றினார்கள், எப்போது எழும்புவது, எப்போது படுப்பது என்றெல்லாம் யாரோ சொன்னார்கள். இந்தப் போர்வை ஒன்றைத்தான் அவளாக நினைத்து, அவளாகச் செய்தாள். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புதன்கிழமை அவள் தகப்பனோடு இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். இருபது கட்டு விறகு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். எடுத்தேன். வைப்பதற்குப் பையைத் திறந்தால் — உள்ளே மீன்.

பத்தொன்பது நாளாகப் பையில் கிடக்கிறது!

துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு மீன் விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மீன்காரர் வாசலில் தருகிற பாரை மீன் மத்தியானத்துக்குள் சட்டிக்குள் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஆனாலும் மீனை மறுநாளுக்கு வைக்க மாட்டோம். ஐஸ் போட்ட மீன் என்றால் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தொன்பது நாள் மீன் என்றதும் என் கை யோசிக்கவில்லை. திரையில் பக்கத்திலேயே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மீனை அதன்மேல் வைத்தேன்.

‘சமைக்கவா?’ என்று விளையாட்டு ஆங்கிலத்தில் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

ஒரு கிண்ணம் சூப் வந்தது. விளையாட்டு அதைத் தானாகவே சேமித்தும் விட்டது; இனிப் பழையபடி ஆக்க முடியாது.

பத்தேமுக்காலுக்குச் சங்கவி வந்து பையைப் பார்த்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை.

“மீன் எங்க?”

“பழுதாப் போகும் எண்டு சமைச்சனான்.”

“அங்க ஒண்டும் பழுதாகாது அம்மா.”

மன்னிப்புக் கேட்டேன். திரும்பப் பிடிக்கலாமா என்று கேட்டேன். அடுத்த பருவத்துக்குத்தான் வருமாம். சங்கவி கதிரையில் வந்து இருந்தாள். பிறகு சொன்னாள்:

“சமைச்சது பிழை இல்லை. என்னைக் கேக்காமச் சமைச்சீங்களே, அதுதான் பிழை. அந்த கேம்கூட உங்களைக் கேட்டதுதானே.”

உண்மைதான். அது என்னிடம் கேட்டது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

“வேற என்ன கேக்காமச் செய்தனீங்க?” என்றாள். சும்மாதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.  ஒன்றுமில்லை என்று சொல்லி, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

இருந்தது. கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் ரிஸ்லா எனக்குப் போன் எடுத்தாள். வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டினால் எங்கள் வீடு. பெரிய தூரம் இல்லை. சங்கவி முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நித்திரை, இன்னும் சுகமில்லை, பிறகு பார்ப்போம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யாரும் வந்தால் ஏதாவது நோய் ஒட்டும் என்ற பயம். அந்த நாட்களில் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நேரில் விடைபெறுவது அப்படிப் போனது. மிஞ்சியிருந்தது பனிமலை. அதையும் சூப் வைத்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் சங்கவி கடைப் போர்வையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கடைப் போர்வை நாலு நிமிடம்தான் தாங்கும். அதற்குள் ஒரு நெருப்பண்டை போய்க் காய வேண்டும். நல்ல போர்வை உள்ள மற்ற மூவரும் முன்னே ஓடி நெருப்பு மூட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். இவள் ஓடிப் போய்ச் சேருவாள். திரும்பவும் அடுத்த நெருப்பு. நாற்பது நிமிடத்தில் ஏறும் மலையாம். பாதி ஏறவே பின்னேரம் ஆகிவிட்டது.

நான் பின்னால் கதிரையில், கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஸ்பீக்கரில் ரிஸ்லா கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, மீன் ஆக்கினீங்களாமே. எங்களுக்கு ஒரு கரண்டிகூட இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். சங்கவியும்தான். ரிஸ்லாவிடம் அப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று பட்டது.

“மகள், நீ வரட்டா எண்டு கேட்ட அண்டைக்கு சங்கவி நித்திரை இல்லை. நான்தான் பொய் சொன்னனான்.”

சங்கவி திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் அவளுடைய ஆள் பனிக்குள் அப்படியே நின்றாள்.

“தெரியும் ஆன்ட்டி,” என்றாள் ரிஸ்லா. “பின்னால அவட சத்தம் கேட்டிச்சு.” பிறகு, “சங்கவி, ஓடி வா. உறைஞ்சு போகப் போறாய்.”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். அவளுடைய ஆள் ஓடினாள்.

உச்சிக்குப் போகவில்லை. ஆறு மணிக்கு ரிஸ்லாவை வாப்பா கூப்பிட்டுவிட்டார், பெட்டி கட்ட. டிராகனை யாரும் பார்க்கவில்லை.

அதனால்தானே இவ்வளவு நேரம் நெருப்புக்கு நெருப்பு நின்று கதைத்தார்கள், நல்லதாகப் போயிற்று என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். சங்கவி அப்படிச் சொல்லவில்லை. உச்சியைப் பார்க்கத்தான் அவள் அந்தப் போர்வையைச் செய்யத் தொடங்கினாள். பார்க்கவில்லை.

ஆகவே கிராஃப்டிங் பாடுபடத் தகுந்ததா? கடைப் போர்வைக்கும் கைப் போர்வைக்கும் வித்தியாசம் சின்னது என்று வெளியில் நிற்கிற நான் நினைத்தேன். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை என் பிள்ளை நடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அது செய்கிறவருடைய கணக்கு. இடையில் புகுந்து வேகவைக்க நமக்கு உரிமை இல்லை.

சங்கவி என்னோடு இரண்டு நாள் அளவாகத்தான் பேசினாள். நான் இப்போது எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்கிறேன். நேற்றுப் பின்னேரம் அவளது அறைக் கதவைத் தட்டி, தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

“அம்மா, இதுக்கெல்லாம் கேக்கத் தேவையில்லை.”

எதற்குக் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன் — இன்னும் தரவில்லை.