இரட்டைப்படைப் பூக்கள்

எதிர்வீட்டுப் பேராசிரியர் கண் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த அன்று, சுப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டு டியூலிப் வாங்கிக்கொண்டு போனேன். இங்கே அது பத்துப் பூவாகத்தான் கட்டி வரும். மனிதர் ஒரு கண்ணில் கட்டோடு மற்றக் கண்ணால் பூக்களைப் பார்த்தார். ஒன்றை உருவி என் கையில் தந்தார். எழுபது தாண்டிய கிழவர் எனக்குப் பூத் தருகிறாரே என்று சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

"பிழையா நினைக்காதேங்கோ. எங்கடை ருமேனியாவிலை உயிரோடை இருக்கிறவைக்கு ஒற்றைப்படையிலைதான் பூ. இரட்டைப்படை செத்தவைக்கு" என்றார். நாங்கள் பேசுவது ஜெர்மன் மொழியில். என் மனதில் மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது.

"கணக்குப் பேராசிரியர் இதையெல்லாம் நம்புறியளோ?"

"நம்புறேல்லை. ஆனால் எண்ணாமல் இருக்க ஏலாது."

கலியாண வீட்டில் நூறு கொடுத்தாலும் கூட ஒன்று வைத்துக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன அருகதை? அந்த ஒற்றைப் பூவோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "என்னப்பா, கிழவர் பூக் குடுத்து விடுறாரோ?" என்று கணவர் ஒரு கிழமைக்கு என்னைக் கேலி செய்யாமல் விடவில்லை.

ஜெர்மனியில் இந்த ஹம் நகரில் ஓடும் ரயில்களில் டிக்கட் பார்ப்பது என் வேலை. வேலை முடிந்து வரும்போது அவர் வீட்டு மணியை அடித்து, கடையில் பாண் ஏதும் வாங்கி வரவேண்டுமா என்று கேட்பேன். வாசலில் நின்றபடி துண்டு துண்டாகக் கேட்டதுதான் அவர் கதை.

ருமேனியாவில், கணிதத்தின் எண் கோட்பாட்டில் பெயர் எடுத்தவர். மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போக அன்றைய கம்யூனிஸ்ட் அரசு அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. மனைவியையும் நான்கு வயது மகளையும் பிணையாக வைத்துக்கொண்டது. மாநாடு முடிந்தது, அவர் திரும்பவில்லை. ஒரு வருடத்தில் அவர்களைக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தாராம். நாங்கள் எல்லோரும் அப்படி நினைத்துத்தான் வந்தோம். என் அம்மாவையும் நான் பிறகு காணவேயில்லை.

மனைவிக்கு வேலை போனது. பிறகு விவாகரத்து வந்தது. அவர் எழுதிய பாடப்புத்தகத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு அதையே படிப்பித்தார்கள். இங்கேயோ அவருடைய எண் கோட்பாடு யாருக்கும் தேவைப்படவில்லை. தற்காலிக வேலைகளில் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு சின்னக் கல்லூரியில் பொறியியல் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணிதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றார். அங்கே ஆட்சி விழுந்து எல்லை திறந்த பிறகும் மகள் அவரோடு பேச மறுத்துவிட்டாள்.

"நான் வெளிக்கிடேக்கை அவளுக்கு இருபது வரை எண்ணத் தெரியும். நான்தான் பழக்கினனான்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலரும்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியம் செய்ய இனி ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மகளைத் தொலைபேசியில் அழைத்தார், இந்த முறை அவள் எடுத்தாள். ஒரு நாள் வந்து போகிறேன் என்றாளாம். அவர் கட்டிலில் இருந்தபடி சவரம் செய்து, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டார். மகள் மன்னித்துவிட்டாள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அவளை ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வரப் போனதும் நான்தான்.

நாற்பதைத் தாண்டிய, களைத்த முகம். ஓரளவு ஜெர்மன் பேசினாள். "அப்பா செத்துப்போனார் எண்டு அம்மா சொல்லித்தான் என்னை வளர்த்தவ. எனக்கு அது சுகமா இருந்தது" என்றாள். நிலையத்துப் பூக்கடையில் வெள்ளை ரோஜா கேட்டாள். கடைக்காரி கட்டப்போகும்போது, இன்னும் ஒன்று வையுங்கள் என்றாள். கை தாராளமான பெண் என்று நினைத்தேன். நாள் முழுக்க டிக்கட் பார்க்கிற எனக்கு அந்த நேரத்தில் எண்ணத் தோன்றவில்லை.

அறையில் அவள் பூக்களை நீட்டினாள். அவர் கண் ஒவ்வொரு பூவாக நகர்ந்தது. அப்போதுதான் நானும் எண்ணினேன். பன்னிரண்டு. அவர் தங்கள் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார், நன்றியாக இருக்கும். ஒரு மணித்தியாலம் போல இருந்து, தேநீர் குடித்து, மரியாதையாகக் கை கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாகப் போகிற மனிதனிடம் இப்படியும் ஒருத்தி வருவாளா? ஜாடியில் இருந்து ஒரு ரோஜாவை உருவப் போனேன்.

"விடுங்கோ" என்றார். "அவ பிழையா எண்ணேல்லை. எண்ணப் பழக்கினது நான்தானே."

அதன் பிறகு கழுத்துப்பட்டியைக் கழற்றித் தரச் சொன்னார். முடிச்சை அவிழ்க்க எனக்குத்தான் நேரம் எடுத்தது. கண் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

வசந்தம் தொடங்கும்போது போய்விட்டார். அடக்கத்துக்கு மகள் வரவில்லை. நான் அதே சுப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டு டியூலிப் வாங்கினேன். பத்துப் பூ. அவருக்கு இனி அதுதான் முறை. ஆனாலும் குழியருகில் என் கை கேட்கவில்லை. ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவருக்குப் போட்டேன்.