லயத்து வாசலுக்கு வந்த தண்ணீர்

கட்டுகஸ்தோட்டை டவுனில் வீட்டுக்குள்ளேயே குழாயைத் திறந்து பழகியவள் நான். கலியாணமாகி ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போன மறுநாள் காலை, குடத்தோடு சரிவில் சறுக்கி விழுந்தேன். தண்ணீர் எடுக்கும் பீலி கீழே ஓடையோரம் இருந்தது. போய்வர முக்கால் மணி நேரம். என்னைக் கைபிடித்துத் தூக்கிவிட்டவர் அடுத்த வீட்டு அக்கா. கொழுந்து பறிப்பவர். விடியுமுன் பீலிக்கு இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மழைக்காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கிச் செம்மண்ணாய் வரும். கொதிக்கவைக்கலாம் என்றால் ஈர விறகு எரியாது. கலியாணமாகி இரண்டாம் வருஷம், அப்படியொரு வாரத்தில் என் ஒன்பது மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தோம். பிழைத்துக்கொண்டாள். திரும்பி வந்த அன்று அக்கா குழந்தையின் மெலிந்த காலைத் தடவிப் பார்த்தார்.

"மேல காட்டோரமா ஒரு ஊத்து இருக்கு. கோடையிலயும் வத்துறதில்ல. அத இங்க எறக்கணும்."

"யாருக்கா எறக்குவாங்க?"

"நாமதான்."

அடுத்த வாரமே பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போனார். எனக்குச் சிங்களம் வரும் என்று என்னையும் இழுத்துப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் அவரே பேசி முடித்துவிட்டார். தொரை சம்மதித்தார். சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார். குடிக்க நல்லது என்று தகவல் வந்தது. பிரதேச சபை குழாய் தந்தது. குழாய் பதிக்கக் கான் வெட்டுவது எங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின.

நடுவில் ஒரு பெரிய பாறை குறுக்கிட்டது. ஆண்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பாறையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தண்ணி நேராத்தான் போகணும்னு யாரு சொன்னா? சுத்திப் போவோம்," என்று சொல்லி, தானே வெட்டத் தொடங்கினார். உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

குழாயைத் திறந்த அன்று முதலில் காற்று சீறியது. பிறகு சேறு. அதன் பிறகு தெளிந்த தண்ணீர்.

மறுநாளும் அக்கா பழக்கத்தில் இருட்டோடு எழுந்திருக்கிறார். குடம் சட்டென்று நிறைந்துவிட்டது. என் வாசலில் வந்து உட்கார்ந்து, "இனி என்னா செய்யிறதுன்னே தெரியலயே" என்று சிரித்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேலை நாளில் அவர் உட்கார்ந்து குடித்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் நட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை, ஊற்றுத் தண்ணீர் சேரக் கட்டிய தொட்டியைக் கழுவ அக்காதான் எல்லோரையும் கூப்பிடுவார். போன மாதம் தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து, "எப்பிடிக்கா செஞ்சீங்க?" என்று அவரிடம் கேட்டார்கள்.

"வாங்க, ஒங்க மலையப் போய்ப் பாப்போம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டார்.