தீபாவளிக்கு முன் துடைத்த சர்வர்

ஆயர் குரோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் பொதுவான சர்வர் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மென்பொருளை நிறுவித் தருவேன்; அது ஓடாவிட்டால் திட்டு வாங்குவேன். நான் முன்கோபி, வாங்கியதை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் மாணவர்கள் என்னைக் கேள்வி கேட்கவே தயங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அங்கே ஜாசினிலிருந்து ஒரு டீச்சர் ஆராய்ச்சி செய்ய வந்தார். நோய் தாக்கி அடித்தண்டு அழுகும் செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. தோட்டம் தோட்டமாக அலைந்து வேர் சேகரித்திருந்தார். பள்ளியில் அவருக்குக் கொடுத்த மூன்று வருட விடுப்பு அந்த ஆண்டோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் படிப்பைக் கைவிட வேண்டியதுதான்.

புரதங்களை அளந்த கோப்புகளை அலச, நான் ஒரு கண்டெய்னரை நிறுவிக் கொடுத்தேன். மென்பொருளும் அதற்கு வேண்டிய சாமான்களும் ஒரே டப்பாவில் அடைபட்டு வருவதுதான் கண்டெய்னர். வெளியில் ஒரு கோப்புறையை அதோடு இணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எழுதியதெல்லாம் டப்பாவோடு போய்விடும். கோப்புகள் உள்ளே போகும் வழியை இணைத்தேன். முடிவுகள் வெளியே வரும் வழியை மறந்துவிட்டேன்.

அலசல் மூன்று வாரம் ஓடியது. முடிந்துவிட்டது என்று திரையில் வந்ததும் டீச்சர் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். தீபாவளி கழித்து வந்து முடிவுகளை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டில் ஃபேன் இறக்கை வரை கழுவியாக வேண்டும். புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் அந்த வீட்டைக் கழுவிய அதே வேகத்தில், விடுப்பில் போகுமுன் சர்வரையும் துடைத்தேன். வேலை முடிந்து நின்றுபோன கண்டெய்னர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நீக்கினேன். நிறைய இடம் காலியானது. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து டீச்சர் எனக்கு ஒரு டின் முறுக்கோடு வந்தார். முடிவுகள் இருக்க வேண்டிய கோப்புறை காலியாக இருந்தது. ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: நான் நீக்கிய கண்டெய்னரோடு முடிவுகளும் போய்விட்டன.

"அண்ணே, நான்தான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார்.

அவரே வழி காட்டினார், நான் அதில் நுழைந்துகொண்டேன். ஓடும்போது எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். வெறும் கேள்விதானே, பொய் இல்லையே என்று மனசுக்குள் சமாதானம் வேறு. அவர் யோசித்து, ஒருமுறை திரையில் ஜன்னலை மூடித் திறந்ததாகச் சொன்னார். இருக்கலாம் என்றேன்.

மறுபடி ஓட்டவும் முடியவில்லை. ஆண்டு முடியும்வரை சர்வரில் மற்றவர்களுடைய வேலைகள் வரிசையில் நின்றன. ஆய்வுக்கூடத்தின் தவறு என்றால் பல்கலைக்கழகத்துக்கு அவகாசம் கேட்டு எழுதியிருக்கலாம். மாணவர் தவறுக்கு அது கிடையாது. என் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எழுதவில்லை, பயந்தேன். இத்தனை பேரைத் திட்டியவன் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று பயந்தேன். டீச்சர் படிப்பைக் கைவிட்டுப் பள்ளிக்கே திரும்பிவிட்டார்.

போன மாதம் ஜாசின் பசாரில் மீன் கடையில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் சிரித்தார். பள்ளியில் கம்ப்யூட்டர் கிளப்பை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம்.

"பிள்ளைங்க எதையாச்சும் அழிச்சிட்டா நான் ஏசவே மாட்டேன்ணே," என்றார். "நானே மூணு வருஷ வேலைய அழிச்சவதானே-லா."

மீன்காரர் என் மீனைச் செதில் எடுத்து, வெட்டி, கழுவி, பையில் போட்டுக் கொடுக்கும்வரை டீச்சர் என் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நேரம் தாராளமாக இருந்தது. இந்தக் கடையில் விலைமீன் நல்லா இருக்குமா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்தேன்.